ஊர்வலம் முடிந்த பிறகு

தோட்டத்துக் கிராணி ஒருவன் ஊர்வலங்களைப் பற்றி எழுதப் புகுவது வாசகர்களுள் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கிராணியின் இடம் மேசைக்குப் பின்புறம். ஊர்வலம் வந்து நிற்கும் இடம் மேசைக்கு முன்புறம். தொழிலாளர் திரண்டு வந்து கொடுக்கும் மனுவை முதலில் வாங்கிப் பார்ப்பவனும், வாங்க மாட்டேனென்று கதவைச் சாத்துபவனும் பெரும்பாலும் கிராணியே. இருந்தும் எழுதத் துணிந்தோம். ஏனெனில், மேசையின் இரு புறத்திலும் நாம் நின்றிருக்கிறோம். முன்புறத்தில் நின்றபோது கற்றதைப் பின்புறத்தில் உட்கார்ந்தபோது மறந்தும் இருக்கிறோம். அந்த மறதியைப் பற்றியதே இக்கட்டுரை.

நாம் பிறந்து வளர்ந்தது பண்டமாரான். கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பெருஞ்சாலையை ஒட்டிய ஊர். இரவு முழுவதும் சரக்குப் பெட்டி ஏற்றிய லாரிகளின் ஓசை ஓயாது. நம் தகப்பனார் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவர். பாட்டனார் அதற்கு முந்திய காலத்தவர். கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் மரம் வெட்டியவர். அவர் பால் எடுத்த தோட்டம் இன்று இல்லை. அதன்மேல் கிடங்குகளும் வீடுகளும் எழும்பிவிட்டன. தாம் பட்ட பாட்டைத் தம் மகன் படலாகாதென்று பாட்டனார் நினைத்தார். அதே நினைப்பில் தகப்பனார், லாரி ஓட்டிய காசில் நம்மைக் கட்டணம் கட்டிப் படிக்கும் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். ஆகவே ஆங்கிலம் நமக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. தமிழ் பாட்டனாரின் திண்ணையில் வந்தது. பழைய பத்திரிகைகளை விரலால் தொட்டுத் தொட்டு அவர் படிப்பார். நாம் அவர் விரலைப் பின்தொடர்ந்து எழுத்துக் கற்றோம்.

அந்தத் திண்ணையில் நாம் கேட்ட கதைகளில் ஒன்று சைக்கிளைப் பற்றியது. 1941-ஆம் ஆண்டில் பாட்டனாருக்கு வயது பதினாறு. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தார். தோட்டத்துச் சாலையில் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாய் நின்று, துரை கடந்து சென்ற பிறகே மறுபடியும் ஏற வேண்டும். துரைக்கு மட்டுமல்ல, கிராணிக்கும் அப்படியே. "துரை என்னைக்கோ ஒரு நாள்தான் வருவாரு. கிராணிதான் நாளைக்கு நாலு தரம். ஏறுறதும் இறங்குறதுமா இருந்தா சைக்கிள் எதுக்குய்யா?" என்பார் பாட்டனார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எவ்வளவு கசப்பு இருந்ததென்று அந்த வயதில் நமக்கு விளங்கவில்லை.

இஃது ஏதோ ஒரு கிழவரின் தனிப்பட்ட மனக்குறை என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணி செய்த ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அந்தக் கோரிக்கைகளை வெளியிட்டது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைத் தமிழ்த் தொழிலாளிக்கும் கொடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி கொடு, வைத்திய வசதி கொடு, கள்ளுக்கடையை மூடு, பெண்களின் மானத்தில் கை வைக்காதே, உறவினர் தோட்டத்துக்குள் வந்து போகத் தடை செய்யாதே, சங்கம் வைக்க விடு, கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை நீக்கு. இவற்றோடு, துரைக்கும் கிராணிக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் சேர்ந்திருந்தது. உப்பு, புளி, அரிசி விலை ஏறிய யுத்த காலத்தில், வயிற்றுக்குக் கூலி கேட்ட அதே தாளில், மானத்துக்கு இதையும் கேட்டார்கள்.

அந்தக் கோரிக்கைகள் யாரை நோக்கியவை? வெள்ளைத் துரைமாரை நோக்கியவை. அத்துடன் அவர்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்த நம் போன்ற நிறத்தவரையும் நோக்கியவை. கிராணிமார் பலர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். கப்பலேறி வந்தபோது ஒரே கடலைக் கடந்தவர்கள்தாம். கரையிறங்கிய பின் ஆங்கிலம் அவர்களைத் திண்ணைக்கு மேலும், ஆங்கிலமின்மை மற்றவர்களைத் திண்ணைக்குக் கீழும் நிறுத்திவிட்டது. தொழிலாளர் அவர்களைக் கறுப்புத் துரைமார் என்றே கருதினர்.

நாதன் 1941 மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். அவரை விடக் கோரித் தொழிலாளர் திரண்டனர். வேலைநிறுத்தம் தோட்டந்தோட்டமாய்ப் பரவியது. தம் தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கு நடந்து போன கூட்டத்தில் பாட்டனாரும் ஒருவர். சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாராம். "எல்லாரும் நடக்கையில நான் மட்டும் ஏறிப் போறதா?" என்பது அவர் சொன்ன காரணம். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பட்டாளம் வந்தது, அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். அந்தப் பெருந்துயரத்தின் அடியில் கிள்ளான் கதை புதைந்துபோயிற்று. இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டனார் ஒரே வாக்கியத்தில் முடிப்பார்: "மனுவை வாங்கத் துரை வெளியே வரல, பட்டாளந்தான் வந்துச்சு."

நிற்க. நாம் கண்ணால் கண்ட ஊர்வலத்துக்கு வருவோம்.

2007-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தீபாவளி நெருங்கிய வேளையில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் ஒரு மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டிருந்தது. கோயில் ஒரு காரணம். காரணங்கள் அதற்கு முன்பே அடுக்கடுக்காய் இருந்தன. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாயின; செம்பனைத் தோட்டங்கள் பட்டணங்களாயின. லயத்து வீடுகளை விட்டுப் புறப்பட்டவர்கள் பட்டணத்தின் விளிம்பில் ஒண்டினார்கள். பலருக்குப் பிறப்புப் பத்திரமில்லை, அடையாளக் கார்டில்லை, ஆகவே பள்ளியில்லை, வேலையில்லை. இந்நிலையில் 'ஹிண்ட்ராப்' என்னும் இயக்கத்தார், தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கொண்டுவந்து, பிறகு பாதுகாப்பேதும் செய்யாது விட்டுச் சென்றதற்காகப் பிரிட்டிஷ் சர்க்கார்மீது லண்டனில் வழக்குத் தொடுத்தனர். ஏழைகளாகிய நமக்கு வழக்காட ஒரு வழக்கறிஞரை நியமிக்கும்படி இங்கிலாந்து அரசியாருக்கு மனு எழுதி, லட்சம் கையெழுத்துகளோடு கோலாலம்பூரிலுள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் ஒப்படைப்பதே அன்றைய ஊர்வலத்தின் நோக்கம்.

அரசியாருக்கு மனுவா என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. நாம் சிரிக்கவில்லை. நமக்கு அப்பொழுது வயது பதினெட்டு. பக்கத்து வீட்டு மாமாவுடன் விடியுமுன்பே புறப்பட்டுக் கிள்ளானில் ரயிலேறினோம். ஊர்வலத்துக்குப் போலீசார் அனுமதியில்லை; கூடக் கூடாதென்று நீதிமன்றத்தின் உத்தரவும் இருந்தது. தகப்பனார் வேலை போய்விடுமென்று அஞ்சினார், எனினும் தடுக்கவில்லை. பாட்டனார் மட்டும் வாசலில் நின்று, "கையில எதையும் எடுத்துட்டுப் போகாதே, வரும்போதும் கையில எதுவும் இருக்கக் கூடாது" என்றார். கல்லைத்தான் சொன்னார் என்று பிறகு விளங்கியது.

பிரிக்பீல்ட்ஸில் வண்டி மாறி இரட்டைக் கோபுரத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தபோது, இவ்வளவு தமிழரை ஒரே இடத்தில் தைப்பூசத்தன்று பத்துமலையில்தவிர நாம் கண்டதில்லை. பல்லாயிரவர். எஸ்டேட்டிலிருந்து வந்த கிழவிகள், தொழிற்சாலைச் சீருடையோடு வந்த பிள்ளைகள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார். பலர் கையில் காந்தியாரின் படம். 1941-இல் கிள்ளான் தொழிலாளர் காந்திக் குல்லாய் அணிந்ததைப் பாட்டனார் சொல்லக் கேட்டிருந்த நமக்கு, அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே மனிதரை நம்மவர் கூட அழைத்து வந்தது வியப்பாயிருந்தது. இயக்கத்தின் பெயர் ஒரு சமயத்தின் பெயராயிருந்தது. அது நமக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. வறுமைக்குச் சமயமில்லை, பத்திரமில்லாத பிள்ளைக்கும் சமயமில்லை. ஆயினும் வந்திருந்தவர்களின் துயரம் பொய்யன்று.

பிறகு நடந்தது உலகறிந்தது. கண்ணீர்ப்புகை வந்தது, ரசாயனம் கலந்த தண்ணீர் பீய்ச்சியடித்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, எந்தப் பக்கம் ஓடுகிறோமென்று அறியாமல் ஓடினோம். ஓர் அம்மாள் நம் கையைப் பிடித்து நிறுத்தி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை உப்பெடுத்து, "நாக்குல வை தம்பி, கண்ணைக் கசக்காதே" என்றார். ஒரு கட்டிடத்தின் காவற்காரரான மலாய்ப் பெரியவர், ஒன்றும் பேசாமல் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்; நாங்கள் முகம் கழுவினோம். கூட்டம் கலையும், மறுபடியும் சேரும், மறுபடியும் புகை வரும். பகல் முழுதும் அவ்வாறே. மனுவைக் கொடுக்கும் காரியம் அன்று நிறைவேறவில்லை. நனைந்த சட்டையோடு இரவில் பண்டமாரான் திரும்பினோம். பாட்டனார் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அடிபட்டாயா என்று கேட்கவில்லை. "துரை வெளியே வந்தாரா?" என்று கேட்டார். வரவில்லை என்றோம். "அன்னைக்கும் வரல" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அந்த ஊர்வலத்தால் விளைந்த பயன் யாது என்று கேட்பாருண்டு. டிசம்பர் 13-ஆம் தேதி பி. உதயகுமார், எம். மனோகரன், ஆர். கெங்காதரன், வி. கணபதிராவ், டி. வசந்தகுமார் ஆகிய ஐவரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடிக்கப்பட்டு, விசாரணையின்றிக் கமுந்திங்கில் அடைக்கப்பட்டனர். 2008 மார்ச் 8-ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் ஆளுங்கூட்டணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது; சிறையிலிருந்தபடியே மனோகரன் நம் கிள்ளானிலுள்ள கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். விசாரணையின்றி அடைக்கும் அந்தப் பழைய சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது. அமைதியாகக் கூடுவதற்கென்று அதே ஆண்டில் ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. அது தெருவில் ஊர்வலம் போவதை முதலில் தடுத்தது. 2019-இல் அந்தத் தடையும் எடுக்கப்பட்டது. இவை யாவும் ஒரு நாள் ஊர்வலத்தால் வந்தவை என்று கூறமாட்டோம். ஆனால் அன்று நடந்த கால்களும் அவற்றுக்கு வழி போட்டன என்று கூறத் தயங்கவும் மாட்டோம்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் இன்னொரு பயணம் நடந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் கூட்டமைப்பாகிய 'ஜெரிட்' என்னும் அமைப்பின் இளைஞர்கள், வடக்கே கெடாவிலிருந்தும் தெற்கே ஜொகூரிலிருந்தும் சைக்கிளில் புறப்பட்டு, இரு வாரம் மிதித்து, 2008 டிசம்பர் 18-ஆம் தேதி நாடாளுமன்ற வாசலை அடைந்தார்கள். வழியில் போலீசார் மறித்தார்கள், பிடித்தார்கள், விட்டார்கள், பயணம் நிற்கவில்லை. அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது, தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். தொழிற்சங்கங்களும் பிறரும் பலகாலம் கேட்டுவந்ததும் அதுவே. 2013-இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று அது வந்தது. 2025-இல் 1,700 வெள்ளியாயிற்று. அந்தச் செய்தியைப் பாட்டனாருக்கு நாம் படித்துக் காட்டியபோது, சம்பளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. "சைக்கிளை விட்டு இறங்காமலே போய்ச் சேந்தானுங்களா?" என்று கேட்டு, வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில் கசப்பில்லை. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

இதுவரை சொன்னது மேசையின் முன்புறத்துக் கதை. இனி நம்மைப் பற்றி நாமே சொல்ல வேண்டியது.

படித்த படிப்புக்குப் பட்டணத்தில் தக்க வேலை கிட்டவில்லை. ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்தவன் வேண்டுமென்று ஒரு செம்பனைத் தோட்டத்தார் தேடினார்கள், போய்ச் சேர்ந்தோம். தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பாட்டனார் எவன் முன்னே நாளைக்கு நாலு தரம் இறங்கினாரோ அந்த நாற்காலியில் அவர் பேரன் உட்கார்ந்தான். நமக்கு அது பெருமையாகவே இருந்தது. நாம் யாரையும் அடிக்கவில்லை. யார் கூலியையும் குறைக்கவில்லை. காலத்தில் பெயர்ப் பதிவு செய்தோம். ஆகவே நாம் பழைய கிராணி அல்லர் என்று நம்பினோம்.

தொழிலாளிகள் இப்பொழுது தமிழரல்லர். பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் முன்னோரைப் போலவே ஏஜெண்டிடம் கடன்பட்டு வந்தவர்கள். நம் முன்னோரைப் போலவே குலைவெட்டிய கையோடு ஊருக்குக் காசனுப்புகிறவர்கள். அவர்களுடைய கடப்பிதழ்கள் ஆபீசின் இரும்பு அலமாரியில் இருந்தன. சாவி நம் மேசை அறையில் இருந்தது. பத்திரத்துக்காக என்று சொல்லப்பட்டது; நாமும் அதை நம்பிக்கொண்டோம். ஒருவர் கடப்பிதழைப் பிறர் சட்டமுறையின்றி வைத்திருப்பதை 1966-ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டம் குற்றமென்கிறது. சாவி கையிலிருந்தவனுக்கு அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பங்களாதேஷ்காரர் ஒருவர் வந்து நின்றார். ஊரில் தகப்பனார் உயிருக்குப் போராடுகிறார். முகம் பார்க்க வேண்டும். டிக்கெட்டுக்கு நண்பர்கள் பணம் சேர்த்துவிட்டார்கள். கடப்பிதழ் வேண்டும் என்றார். மேனேஜர் வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். மேனேஜர் கையெழுத்தில்லாமல் கொடுக்கக் கூடாதென்பது விதி. சாவி நம் முழங்கைக்குக் கீழே, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. திங்கட்கிழமை வாருங்கள் என்றோம். மரியாதையாகத்தான் சொன்னோம். அவர் சற்று நேரம் நின்றார், பிறகு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக் கடப்பிதழை எடுத்து வைத்தோம். அவர் வந்தார். "இனி வேண்டாம், போஸ்" என்றார். தகப்பனார் ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். அவர் முகத்தில் கோபமில்லை. பெயரைப் பதிந்துகொண்டு குலை வெட்டப் போனார்.

அன்று மாலை தோட்டத்துச் சாலையில் நாம் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். அவர் எதிரே சைக்கிளில் வந்தார். நம்மைக் கண்டதும் இறங்கி ஓரமாய் நின்றார். அப்படி இறங்கும்படி அந்தத் தோட்டத்தில் எந்த விதியும் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. அன்று கோபத்தால் செய்தாரோ என்று முதலில் நினைத்தோம். மறுநாள் கவனித்தோம், அதற்கடுத்த நாளும் கவனித்தோம். அவர் மட்டுமல்ல, பலரும் இறங்கினார்கள். அவர்கள் எப்பொழுதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். நாம்தான் பார்க்கவில்லை.

வாசகர்களே, 2007-இல் கோலாலம்பூர்த் தெருவில் உப்பை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றவன், தன் முன்னே மனிதர் சைக்கிளை விட்டு இறங்குவதைக் காணாமலே ஆண்டுக்கணக்கில் கடந்துபோயிருக்கிறான். தனக்கு நேர்ந்த அநீதி கண்ணீர்ப்புகையைப் போலக் கண்ணை எரிக்கிறது. தன்னால் நேரும் அநீதியோ காற்றைப் போலக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்பொழுது நமக்கு நினைவுக்கு வந்தது வைக்கம். திருவிதாங்கூரில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக் கூடாதென்ற தடையை எதிர்த்து 1924 மார்ச்சில் சத்தியாக்கிரகம் தொடங்கியதையும், பெரியார் அங்கே சென்று இரு முறை சிறைப்பட்டதையும் இந்தப் பக்கத்தின் வாசகர்கள் நன்கறிவர். அதே ஆண்டு நவம்பரில் நடந்த ஒரு நடையை நம்மவர் அவ்வளவாகப் பேசுவதில்லை. மன்னத்து பத்மநாபன் தலைமையில் சாதி இந்துக்கள் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம்வரை நடந்தார்கள். டாக்டர் எம். இ. நாயுடு தலைமையில் தெற்கிலிருந்தும் ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. தெருவைத் திறந்துவிடும்படி இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட சாதி இந்துக்கள் கையெழுத்திட்ட மனுவை அரசுப் பிரதிநிதியாயிருந்த மகாராணி சேது லட்சுமி பாயிடம் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் நடக்க அவர்களுக்குத் தடையில்லை. தடையில்லாதவர்கள், தடையுள்ளவர்களுக்காக நடந்தார்கள். 1925-இல் சட்டசபையில் அந்தத் தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது என்பதும் உண்மை. தெருக்களில் பெரும்பாலானவை அவ்வாண்டிலேயே பின்னர்த் திறக்கப்பட்டன என்பதும் உண்மை.

தனக்காக நடப்பது மானம். பிறருக்காக, அதிலும் தன்னால் துன்பப்படும் பிறருக்காக நடப்பது அதினும் பெரிது. முதலாவதை நாம் செய்திருந்தோம். இரண்டாவது நம் வாசலிலேயே காத்திருந்தது.

மேனேஜரிடம் பேசினோம். இது எங்கும் உள்ள வழக்கம், கையில் கொடுத்தால் ஓடிப்போவார்கள் என்றார். ஓடிப்போக வேண்டிய நிலையில் வைத்திருப்பது யார் என்று கேட்க நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலம் முழுவதையும் சேர்த்து ஒரு மனு எழுதினோம். கடப்பிதழ்கள் உரியவர் கையில் இருக்க வேண்டும். பத்திரமாக வைக்க ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வேண்டும். சாவி அவரவரிடம் இருக்க வேண்டும். இவ்வளவே. இரவில் குடியிருப்புக்குப் போய், மலாயில் வரிவரியாய்ச் சொன்னோம். முதலில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. சாவிக்காரனே வந்து சாவியைக் கேள் என்றால் யார் நம்புவார்கள்? நாம் நம் பெயரை முதலில் எழுதினோம். பிறகு, "இனி வேண்டாம்" என்றவர் எழுந்து வந்து நம் பெயருக்குக் கீழே தம் பெயரை எழுதினார். அதன்பின் நாற்பத்துமூன்று பேர் எழுதினார்கள்.

சம்பள நாளன்று மாலை, குடியிருப்பிலிருந்து ஆபீசுக்கு நடந்தோம். அரை மைல் தூரமும் இராது. கொடியில்லை, கோஷமில்லை. சைக்கிள்களை எல்லாரும் வீட்டிலேயே விட்டு வந்தார்கள். நம்மை முன்னே போகச் சொன்னார்கள். நாம் நடுவில் நடந்தோம். கிராணி முன்னே நடந்தால் அது மறுபடியும் கிராணியின் காரியமாகிவிடும் அல்லவா? ஆபீசின் ஜன்னலில் நம் சக கிராணிமார் நின்று பார்த்தார்கள். அந்த அரை மைலில் நமக்கு இருந்த அச்சம், கோலாலம்பூரில் புகைக்கு நடுவே இல்லை. அங்கே பல்லாயிரவரில் ஒருவனாயிருந்தோம். இங்கே நம் பெயர் தாளில் முதலில் இருந்தது. வீட்டில் இரு பிள்ளைகள் இருந்தார்கள்.

வாசலில் நின்றோம். வெகுநேரமாயிற்று. பிறகு கதவு திறந்தது. மேனேஜர் படியிறங்கி வந்து, மனுவை வாங்கி, நின்றபடியே படித்தார். ஒன்றும் சொல்லவில்லை, வைத்துக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான். ஆனால், அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க இப்பொழுது ஒருவருமில்லையே என்று நமக்கு நெஞ்சு அடைத்தது. துரை வெளியே வந்தார், தாத்தா.

மூன்று மாதங்களுக்குப் பின் குடியிருப்பில் இரும்புப் பெட்டிகள் வந்தன. சாவிகள் உரியவர் கைக்குப் போயின. ஒருவரும் ஓடிப்போகவில்லை. நம் வேலை போகவில்லை. வரவிருந்த பதவி உயர்வும் வரவில்லை. சக கிராணிமார் சிலர் இன்றும் நம்மோடு தேநீர் அருந்துவதில்லை. தகப்பன் முகம் பாராது போன அந்த மனிதருக்கு நாம் எதையும் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. அந்தக் கணக்கு நம்மிடமே இருக்கிறது, இருக்கட்டும்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். நியாயம் கேட்டு ஊர்வலம் அழைக்கும் நாளில் அஞ்சாமல் போங்கள். வெறுங்கையோடு போங்கள், வெறுங்கையோடு திரும்புங்கள். ஆனால் ஊர்வலம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதில்லை. திங்கட்கிழமை காலையில் உங்கள் கடையில், ஆபீசில், வீட்டு அடுப்படியில், உங்கள் பிள்ளைக்கு வரன் பார்க்கும் கூடத்தில், உங்களைக் கண்டு யார் இறங்கி ஓரமாய் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நம் தோட்டத்துச் சாலையில் இப்பொழுது சிலர் இறங்குவதில்லை. சிலர் பழக்கத்தால் இன்னும் இறங்குகிறார்கள். அவர்களைக் கண்டால் நாம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிடுகிறோம். இருவரும் சாலையோரத்தில் நின்று, யார் முதலில் ஏறுவது என்று அறியாமல் சிறிது நேரம் விழிக்கிறோம்.